சீரொளிப் பொறிப்பு

சீரொளிப் பொறிப்பு (லேசர் பொறிப்பு) என்பது குவிக்கப்பட்ட சீரொளிக் கற்றையைக் கொண்டு மரம், அக்ரிலிக், கல், தோல், பூச்சிட்ட உலோகம் முதலிய பொருட்களின் மேற்பரப்பை எரித்தோ, ஆவியாக்கியோ, நிறம் மாற்றியோ உருவங்களை உண்டாக்கும் முறை ஆகும். அதே கற்றை கூடுதல் திறனுடன் மெதுவாக நகரும்போது பொருளை ஊடுருவி வெட்டுகின்றது; இது சீரொளி வெட்டு எனப்படும். ஒளிப்படங்களைப் பலகையில் பொறித்தலும், ஒரு மரத்தில் பள்ளம் எடுத்து அதனுள் வேறு நிற மரத்தையோ அக்ரிலிக்கையோ இறக்கி ஒட்டும் பதிப்பு வேலைப்பாடும் (இன்லே) இவ்வகை எந்திரங்களின் இரண்டு பரவலான பயன்கள்.

இவ்விரண்டு வேலைகளிலும் அடிப்படைச் சிக்கல் ஒன்றே. கணினியில் வரையும் கோட்டுக்குத் தடிமன் கிடையாது. படவணுவுக்கு (பிக்சல்) கூர்மையான எல்லை உண்டு. சீரொளிக் கற்றையோ திட்டமான பருமன் உடையது. அது தொடும் பொருளும் தனக்கென ஓர் இயல்பு உடையது. கற்றையின் பருமனைக் கணக்கில் கொள்ளாவிடில் ஒளிப்படம் கருகிய திட்டாகின்றது. பதிதுண்டு பள்ளத்தில் ஆடுகின்றது. ஆகவே, பயன்படுத்தும் எந்திரத்திலும் பயன்படுத்தும் பலகையிலும் இப்பருமனை முதலில் அளந்து கொள்வதே நல்ல விளைவின் தொடக்கம் ஆகும்.

வரலாறு

முதல் சீரொளியைத் தியோடர் மைமன் 1960 ஆம் ஆண்டு மே 16 அன்று கலிபோர்னியாவில் உள்ள ஹியூசு ஆய்வுக்கூடத்தில் மாணிக்கக் கல்லைக் கொண்டு இயக்கிக் காட்டினார். இன்று மரத்தையும் அக்ரிலிக்கையும் வெட்டப் பயன்படும் கார்பன் டை ஆக்சைடு சீரொளியை, மகாராட்டிரத்தின் பாராமதியில் பிறந்த குமார் படேல் 1964 இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் உருவாக்கினார். 1967 இல் இங்கிலாந்தில் பீட்டர் ஹோல்டுகிராஃப்ட் கற்றையுடன் ஆக்சிசன் வளிமத்தையும் செலுத்தி எஃகுத் தகட்டை வெட்டினார்.

ஒளிப்படத்தைக் கரும்புள்ளிகளாக மாற்றும் கலை சீரொளிக்கு முந்தியது. செய்தித்தாள் படத்தை உருப்பெருக்கியால் நோக்கினால் அதில் சாம்பல் நிறமே இல்லை என்பதும், சிறிதும் பெரிதுமான கரும்புள்ளிகளே உள்ளன என்பதும் தெரியும். ஆஃப்டோன் எனப்படும் இம்முறைக்கு செருமனியின் கியார்க் மைசன்பாக் 1882 இல் காப்புரிமம் பெற்றார். சீரொளியால் ஒளிப்படம் பொறிப்போர் எதிர்கொள்ளும் சிக்கலும் பழைய அச்சகத்தார் எதிர்கொண்ட சிக்கலே.

எந்திரத்தின் அமைப்பு

கார்பன் டை ஆக்சைடு எந்திரத்தில் கண்ணாடிக் குழாய் ஒன்றில் உருவாகும் கற்றை, ஆடிகளால் திருப்பப்பட்டு, நகரும் தலையில் உள்ள வில்லையால் (லென்சு) குவிக்கப்படுகின்றது. இதன் அலைநீளம் 10,600 நானோமீட்டர். இது கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி. மரம், அக்ரிலிக், கண்ணாடி, கல் ஆகியன இதனை நன்கு உறிஞ்சுகின்றன. பளபளப்பான உலோகம் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடும்.

விலை குறைந்த சிறு எந்திரங்களில் ஏறத்தாழ 450 நானோமீட்டர் அலைநீளம் கொண்ட நீல நிற டயோடு சீரொளி உள்ளது. இது மரத்தையும் கருநிற அக்ரிலிக்கையும் வெட்டும். நிறமற்ற தெளிந்த அக்ரிலிக் வழியே பெரிதும் ஊடுருவிச் சென்றுவிடும். உலோகங்களில் பொறிக்க ஏறத்தாழ 1,064 நானோமீட்டர் அலைநீளம் கொண்ட இழைச் சீரொளி பயன்படுகின்றது. இக்கட்டுரை பெரும்பாலும் கார்பன் டை ஆக்சைடு எந்திரத்தையும் மரத்தையும் எடுத்துக்காட்டாகக் கொள்கின்றது.

கற்றையின் பருமனும் குவிய ஆழமும்

குவியத்தில் கற்றையின் விட்டம், வில்லையின் குவியத்தொலைவுக்கும் அலைநீளத்துக்கும் நேர்விகிதத்திலும், வில்லையை அடையும் கற்றையின் அகலத்துக்கு எதிர்விகிதத்திலும் அமைகின்றது. 6 மி.மீ. அகலமுள்ள கற்றை வில்லையை அடைவதாகக் கொண்டால், கோட்பாட்டளவில் கிடைக்கும் மிகச் சிறிய விட்டங்கள் வருமாறு:

* 38.1 மி.மீ. (1.5 அங்குலம்) வில்லை: ஏறத்தாழ 0.09 மி.மீ.
* 50.8 மி.மீ. (2 அங்குலம்) வில்லை: ஏறத்தாழ 0.11 மி.மீ.
* 101.6 மி.மீ. (4 அங்குலம்) வில்லை: ஏறத்தாழ 0.23 மி.மீ.

நடைமுறையில் வில்லையில் படியும் புகைக்கறை, ஆடிகளின் பிசகு, கற்றையின் குறைபாடு ஆகியவற்றால் விட்டம் இதைவிடக் கூடுதலாகவே இருக்கும். ஒளிப்படத்துக்குக் குறுகிய வில்லையும், தடித்த பலகையை வெட்ட நீண்ட வில்லையும் ஏற்றவை.

குவிய ஆழம் என்பது கற்றை ஏறத்தாழ ஒரே பருமனில் நிற்கும் உயர அளவு. இது விட்டத்தின் இருமடிக்கு ஏற்ப மாறுகின்றது. மேலே கூறிய 50.8 மி.மீ. வில்லைக்கு இது ஏறத்தாழ 2 மி.மீ. மட்டுமே. எனவே 3 மி.மீ. வளைந்த ஒட்டுப்பலகையில் (பிளைவுட்) படத்தின் ஒரு பகுதி கூர்மையாகவும் மறுபகுதி மங்கலாகவும் அமைவது இயல்பு. வளைந்த பலகையைக் காந்தங்களாலோ கொக்கிகளாலோ மேடையோடு அழுத்திப் பிடித்தல் வேண்டும்.

ஆற்றல் அடர்த்தி

பலகை எவ்வளவு கருக்கும் என்பதைத் திறன் மட்டும் முடிவு செய்வதில்லை. ஒரு சதுர மில்லிமீட்டரில் விழும் ஆற்றலே அதனை முடிவு செய்கின்றது. திறனை, வேகத்தாலும் வரிகளுக்கு இடையிலான தொலைவாலும் வகுத்தால் இவ்வளவு கிடைக்கும். எடுத்துக்காட்டாக, 20 வாட்டு திறன், நொடிக்கு 300 மி.மீ. வேகம், 0.1 மி.மீ. வரி இடைவெளி எனில்:

20 ÷ (300 × 0.1) = 0.67 யூல் / சதுர மி.மீ.

திறனையும் வேகத்தையும் மாற்றாது வரி இடைவெளியை மட்டும் 0.05 மி.மீ. ஆக்கினால் இது 1.33 யூல் ஆகிவிடும். அதாவது, "தெளிவு கூடட்டும்" என்று எண்ணி அங்குலத்துக்கான புள்ளிகளை (டி.பி.ஐ.) இரட்டிப்பாக்குபவர் உண்மையில் பலகையை இருமடங்கு எரிக்கின்றார். ஒருவர் கூறும் திறன், வேக அளவுகள் அவருடைய வரி இடைவெளியையும் சேர்த்துக் கூறாதவரை மற்றவருக்குப் பயன்படாமைக்கும் இதுவே காரணம்.

ஒளிப்படம் பொறித்தல்

சாம்பல் நிறச் சிக்கல்

திறனைக் கூட்டியும் குறைத்தும் சாம்பல் நிறச் சாயல்களைப் பெற முயல்வது இயல்பாகத் தோன்றும் வழி. ஆனால், கண்ணாடிக் குழாய்ச் சீரொளிகள் ஒரு குறைந்த அளவுத் திறனுக்குக் கீழ் எரிவதே இல்லை. மேலும், அவை ஏறி இறங்க ஏறத்தாழ ஓர் ஆயிரத்தில் ஒரு பங்கு நொடி எடுத்துக்கொள்கின்றன. நொடிக்கு 300 மி.மீ. வேகத்தில் தலை 0.1 மி.மீ. புள்ளியை அதில் மூன்றில் ஒரு பங்கு நேரத்தில் கடந்துவிடும். மரமும் ஆற்றலுக்கு நேர்விகிதத்தில் கருப்பதில்லை. ஓர் எல்லைவரை நிறம் மாறாதிருந்து, பின் விரைந்து கருத்து, அதன்பின் ஆழம் மட்டுமே கூடும். ஆகவே திறன் மாற்றும் முறை, ஆழம் வேறுபடும் புடைப்புச் சிற்ப வேலைகளுக்கே பெரிதும் ஏற்றது. மரத்தில் ஒளிப்படம் பொறிக்கப் பெரும்பாலோர் புள்ளி முறையையே கையாளுகின்றனர்.

புள்ளிப்பரவல் முறைகள்

புள்ளிப்பரவல் (டிதரிங்) என்பது சாம்பல் நிறப் படத்தைக் கருப்பு, வெள்ளை ஆகிய இரண்டே நிறங்களாக மாற்றி, புள்ளிகளின் நெருக்கத்தால் சாயலைக் காட்டும் முறை ஆகும். இராபர்ட் ஃபிளாய்டு, லூயிசு ஸ்டைன்பர்கு ஆகியோர் 1976 இல் வெளியிட்ட முறை மிகவும் அறியப்பட்டது. இதில் ஒவ்வொரு படவணுவும் கருப்பாகவோ வெள்ளையாகவோ ஆக்கப்பட்டு, அதனால் ஏற்படும் பிழை அண்டைப் படவணுக்களுக்குப் பகிர்ந்தளிக்கப்படும். வலப்புறத்துக்கு 7/16, கீழ் இடப்புறத்துக்கு 3/16, நேர்கீழுக்கு 5/16, கீழ் வலப்புறத்துக்கு 1/16 என்பது பங்கீடு. 0 முதல் 255 வரையிலான அளவில் 100 என்ற மதிப்புள்ள படவணு கருப்பாக்கப்பட்டால் எஞ்சும் 100 இல் ஏறத்தாழ 44 வலப்புறத்துக்குச் செல்லும்.

அதே 1976 இல் வெளியான சார்விசு–சூடிசு–நின்கே முறை பிழையைப் பன்னிரண்டு படவணுக்களுக்குப் பரப்புகின்றது. சாயல் மாற்றம் மென்மையாக அமையும். ஆப்பிள் நிறுவனத்தின் பில் அட்கின்சன் உருவாக்கிய முறை பிழையில் நான்கில் மூன்று பங்கை மட்டுமே பகிர்கின்றது. அதனால் மிக வெளிறிய பகுதிகள் வெறுமையாகவும் மிகக் கருத்த பகுதிகள் நிறைவாகவும் மாறி, வேறுபாடு கூடுகின்றது. முகப் படங்களுக்கு முதலிரண்டும், கோட்டோவியச் சாயல் கொண்ட படங்களுக்கு அட்கின்சன் முறையும் பொருந்தும்.

புள்ளி விரிவு

திரையில் 50 விழுக்காடு கருமையாகத் தோன்றும் பகுதி பலகையில் முழுக் கருப்பாக வருவதன் காரணம் எளிய கணக்கில் விளங்கும். வரி இடைவெளி 0.1 மி.மீ. எனில் ஒரு படவணுவின் பரப்பு 0.01 சதுர மி.மீ. கற்றை ஏற்படுத்தும் கருவட்டத்தின் விட்டம் 0.15 மி.மீ. எனில் அதன் பரப்பு ஏறத்தாழ 0.018 சதுர மி.மீ. ஒவ்வொரு புள்ளியும் தன் கட்டத்தைப் போல ஏறத்தாழ 1.8 மடங்கு இடத்தைக் கருக்குகின்றது. சதுரங்கப் பலகைபோல ஒன்றுவிட்டு ஒன்று அமைந்த புள்ளிகள், இடையில் உள்ள வெண்கட்டங்களையும் ஏறத்தாழ விழுங்கிவிடுகின்றன.

இதற்குத் தீர்வு இரண்டு. முதலாவது, வரி இடைவெளியைக் கருவட்டத்தின் விட்டத்துக்கு நெருக்கமாக வைத்தல். 25.4 ஐ மி.மீ. இடைவெளியால் வகுத்தால் டி.பி.ஐ. கிடைக்கும்: 0.1 மி.மீ. எனில் 254, 0.15 மி.மீ. எனில் ஏறத்தாழ 169. இரண்டாவது, எஞ்சும் விரிவை ஈடுசெய்யப் படத்தின் இடைச் சாயல்களை முன்கூட்டியே வெளிறச் செய்தல். திரையில் சற்று வெளிறித் தோன்றும் படமே பலகையில் சரியாக அமையும்.

படத்தைச் சீர்செய்தல்

கிம்ப் போன்ற கட்டற்ற மென்பொருளிலேயே இவ்வேலைகளைச் செய்யலாம். வழமையான ஒழுங்கு வருமாறு:

1. தேவையற்ற பின்னணியை நீக்குதல். முகத்தோடு போட்டியிடும் பின்னணி, புள்ளி வடிவில் மேலும் குழப்பம் தரும்.
2. சாம்பல் நிறமாக்குதல்.
3. படத்தை இறுதி அளவுக்கும் இறுதி டி.பி.ஐ. எண்ணுக்கும் மாற்றுதல். 150 × 100 மி.மீ. படத்துக்கு 254 டி.பி.ஐ. எனில் 1500 × 1000 படவணுக்கள் போதும்.
4. இடைச் சாயல்களை வெளிறச் செய்து, வேறுபாட்டைக் கூட்டுதல்.
5. விளிம்புகளைக் கூர்மையாக்குதல். கண், மயிர், ஆடை மடிப்பு ஆகியன திரையில் மிகையாகத் தோன்றும் அளவுக்குக் கூர்மையாக்கலாம். பொறிப்பில் அது தணிந்துவிடும்.
6. இறுதியாகப் புள்ளிப்பரவல் செய்தல்.

புள்ளிப்பரவல் செய்த படத்தை அதன்பின் பெரிதாக்கவோ சிறிதாக்கவோ கூடாது. அவ்வாறு செய்தால் புள்ளிகள் சிதைந்து, படத்தில் இல்லாத அலைக் கோலங்கள் தோன்றும்.

மேற்கூறிய படத்தை நொடிக்கு 300 மி.மீ. வேகத்தில் பொறிக்க, இருபுறமும் 10 மி.மீ. கூடுதல் ஓட்டம் சேர்த்து வரிக்கு 170 மி.மீ. எனக் கொண்டால், 1000 வரிகளுக்கு ஏறத்தாழ ஒன்பதரை நிமிடம் ஆகும். தலை திரும்பும் நேரம் தனி. இக்கூடுதல் ஓட்டம் தேவையானது. இல்லையேல் தலை வேகம் குறையும் ஓரங்கள் கருகும்.

சோதனைப் பட்டை

ஒரே பலகையில், ஒரே வரி இடைவெளியில், வேகத்தையும் திறனையும் படிப்படியாக மாற்றி 10 மி.மீ. சதுரங்கள் பொறித்தல் முதல் சோதனை. ஆழமாகக் குழியாமல் நன்கு கருத்திருக்கும் சதுரத்தின் அளவுகளைத் தெரிவு செய்ய வேண்டும். அதன்பின் 0 முதல் 100 விழுக்காடு வரை பதினொரு படிகள் கொண்ட சாயல் பட்டையை அவ்வளவுகளில் பொறிக்க வேண்டும். எந்தப் படியில் பட்டை முழுக் கருப்பாகிவிடுகின்றது என்பது படத்தை எவ்வளவு வெளிறச் செய்ய வேண்டும் என்பதைக் காட்டும். இறுதிப் பலகையின் வெட்டுத் துண்டிலேயே இச்சோதனையைச் செய்தல் நலம். பெயர் ஒன்றாக இருப்பினும் ஒரு மரம் மற்றொன்றைப் போல எரிவதில்லை.

பொருள் தெரிவு

வெளிர் நிறமும் நெருங்கிய இழையும் கொண்ட மேப்பிள், பாஸ்வுட், செர்ரி போன்ற மரங்கள் ஒளிப்படத்துக்கு ஏற்றவை. வளர்ச்சி வளையங்கள் எடுப்பாக உள்ள மரங்களில் மென்பகுதியும் வன்பகுதியும் வெவ்வேறு அளவில் எரிவதால் முகத்தின் குறுக்கே கோடுகள் விழும். தேக்கு, ஈட்டி போன்ற கருமரங்களில் பொறிப்பு எடுபடாது. ஆயினும் அவை பதிப்பு வேலைக்குச் சிறந்தவை.

சில பொருட்களில் சீரொளி பட்ட இடம் கருப்பதற்கு மாறாக வெளுக்கின்றது. நிறமேற்றிய அனோடைசு அலுமினியம், கரும்பலகைக் கல், கருங்கிரானைட்டு ஆகியன இத்தகையவை. இவற்றுக்குப் படத்தை எதிர்மறையாக்கிப் பொறிக்க வேண்டும். அக்ரிலிக்கில் வார்ப்பு வகை வெண்மையாகப் பூத்துத் தெளிவான உருவம் தரும். பிதுக்கி உருவாக்கிய வகையில் உருவம் அவ்வளவு எடுப்பாகத் தெரிவதில்லை.

பதிப்பு வேலைப்பாடு

கையால் செய்யும் பதிப்பு வேலைக்கு மைசூரின் ஈட்டி மரப் பதிப்பும், தாசு மகாலின் பளிங்குப் பதிப்பும் அறியப்பட்ட எடுத்துக்காட்டுகள். கைவினைஞர் துண்டைப் பள்ளத்தில் வைத்துப் பார்த்து, சிறிது சிறிதாக இழைத்துப் பொருத்துவார். சீரொளி எந்திரம் அவ்வாறு பார்த்துத் திருத்துவதில்லை. திருத்தம் வரைபடத்திலேயே இடம்பெற வேண்டும்.

வெட்டுத்தடத்தை அளத்தல்

கற்றை வெட்டும்போது நீக்கும் பொருளின் அகலம் வெட்டுத்தடம் (கெர்ஃப்) எனப்படும். இது 3 மி.மீ. ஒட்டுப்பலகையில் பொதுவாக 0.1 முதல் 0.3 மி.மீ. வரை இருக்கும். இவ்வளவு சிறிய அளவை நேரடியாக அளத்தல் கடினம். எனவே 100 மி.மீ. நீளமுள்ள செவ்வகத்தை 10 மி.மீ. இடைவெளியில் பதினொரு இணைகோடுகளால் பத்துத் துண்டுகளாக வெட்டி, அத்துண்டுகளை வெட்டிய சட்டத்துக்குள்ளேயே ஒருபுறமாகத் தள்ளினால் மறுபுறம் ஓர் இடைவெளி தோன்றும். அதனை வெர்னியர் அளவியால் அளந்து 11 ஆல் வகுத்தால் வெட்டுத்தடம் கிடைக்கும். இடைவெளி 2.2 மி.மீ. எனில் வெட்டுத்தடம் 0.2 மி.மீ. ஆகும்.

ஈடுசெய்தல்

ஒரே வட்டத்தை இரு பலகைகளில் வெட்டினால், துளையின் ஆரம் வெட்டுத்தடத்தின் பாதியளவு கூடுகின்றது. துண்டின் ஆரம் அதே அளவு குறைகின்றது. எனவே சுற்றிலும் ஒரு முழு வெட்டுத்தட அளவு இடைவெளி விழும். 0.2 மி.மீ. இடைவெளி கண்ணுக்கு நன்றாகத் தெரியும். துண்டின் வரைகோட்டை ஒரு வெட்டுத்தட அளவு வெளிப்புறமாக நகர்த்தினால் இரண்டும் பொருந்தும். இங்க்ஸ்கேப் போன்ற மென்பொருளில் கோட்டை உள்ளும் புறமும் நகர்த்தும் வசதி உண்டு.

பலகையை ஊடுருவாமல் பள்ளம் மட்டும் எடுக்கும்போது கணக்கு சற்றே மாறும். பள்ளத்தின் ஓரம் பொறிப்புப் புள்ளியின் பாதி விட்டமளவு விரிகின்றது. ஆகவே துண்டுக்கு, வெட்டுத்தடத்தின் பாதியையும் புள்ளி விட்டத்தின் பாதியையும் கூட்டி ஈடுசெய்ய வேண்டும். இவ்வளவையும் அதைவிட 0.05 மி.மீ. கூடியதையும் குறைந்ததையும் கொண்ட மூன்று சிறு துண்டுகளை வெட்டிப் பொருத்திப் பார்ப்பது நல்ல வழக்கம்.

வெட்டின் சரிவு

வெட்டுச் சுவர் முற்றிலும் செங்குத்தாக இருப்பதில்லை. பொதுவாக மேற்புறம் அகன்றும் கீழ்ப்புறம் குறுகியும் அமையும். அதனால் வெட்டிய துண்டின் கீழ்முகம் மேல்முகத்தைவிடச் சற்றுப் பெரிது. பதிதுண்டின் வரைபடத்தை இடம்வலம் மாற்றி, அழகிய முகம் கீழே இருக்குமாறு பலகையை வைத்து வெட்டினால், பெரிய முகம் வெளித்தெரியும் பக்கமாக அமைந்து ஆப்புப்போல இறுகும். தேன்கூட்டு மேடையின் எதிரொளி அம்முகத்தைக் கறைப்படுத்தாதிருக்க மாஸ்கிங் டேப் ஒட்டலாம்.

பள்ளமும் ஒட்டுதலும்

பள்ளத்தின் ஆழம் பதிதுண்டின் தடிமனைவிடச் சற்றுக் குறைவாக இருக்க வேண்டும். 3 மி.மீ. துண்டுக்கு 2.7 மி.மீ. ஆழம் எனில், 0.3 மி.மீ. மேலே நிற்கும், அதனை உப்புத்தாளால் தேய்த்துச் சமன் செய்யலாம். துண்டு பள்ளத்துக்குள் அமிழ்ந்துவிட்டால் சுற்றியுள்ள பலகை முழுவதையும் தேய்க்க நேரிடும். பள்ளத்தில் படிந்த கரியைத் தூரிகையால் நீக்கிய பின்னரே பசை இட வேண்டும். கரியின் மேல் பசை நன்கு பற்றாது.

மரம் ஈரப்பதத்துக்கு ஏற்ப இழையின் குறுக்கே விரியும், சுருங்கும். எனவே இரு மரங்களையும் சில நாட்கள் ஒரே அறையில் வைத்திருந்து, இழை ஒரே திசையில் அமையுமாறு பதித்தல் நன்று. பதிப்பும் ஒளிப்படமும் ஒரே பலகையில் இடம்பெறுமாயின், பதித்துத் தேய்த்து முடித்த பின்னரே படத்தைப் பொறிக்க வேண்டும். மெல்லிய பொறிப்பைத் தேய்ப்பு அழித்துவிடும்.

வழமையான குறைகளும் காரணங்களும்

* செங்குத்துக் கோடுகள் பற்கள்போல் தெரிதல்: இடவலம், வலஇடம் ஆகிய இரு ஓட்டங்களிலும் சீரொளி தாமதமாக எரிவதால் வரிகள் எதிரெதிராக நகர்கின்றன. வேகத்துக்கு ஏற்ற ஓட்டத் திருத்தம் அளிக்கலாம். அல்லது ஒரு திசையில் மட்டும் பொறிக்கலாம்.
* படம் முழுவதும் பழுப்புப் படலம்: புகைக்கறை. புகை உறிஞ்சி எந்திரத்தின் பின்புறம் இருப்பின், முன்புறத்திலிருந்து பொறிப்பைத் தொடங்கினால் புகை இன்னும் பொறிக்காத பகுதியின் மேலேயே செல்லும்.
* முன்பு சரியாக வந்த அளவுகளில் இப்போது மங்கல்: வில்லையிலும் ஆடிகளிலும் கறை படிந்திருத்தல், அல்லது குழாய் முதிர்ந்திருத்தல்.
* ஒட்டுப்பலகை சில இடங்களில் வெட்டுப்படாமை: உள்ளே உள்ள பசைத் திட்டுகளும் முடிச்சுகளும்.

பாதுகாப்பு

வெட்டக்கூடாத பொருட்களில் முதன்மையானது பி.வி.சி. எனப்படும் பாலிவினைல் குளோரைடு. இது எரியும்போது ஐதரசன் குளோரைடு வெளியாகி நுரையீரலைப் புண்ணாக்கும். எந்திரத்தின் உலோகப் பகுதிகளையும் அரிக்கும். விளம்பரப் பதாகைக்கான ஃபிளெக்சு, பி.வி.சி. நுரைப் பலகை, பலவகை ரெக்சின் ஆகியன இப்பொருளால் ஆனவை அல்லது இப்பொருள் பூசப்பட்டவை. ஐயமிருப்பின், செம்புக் கம்பியைச் சுடரில் பழுக்கக் காய்ச்சி அப்பொருளில் தொட்டு, காற்றோட்டமான இடத்தில் மீண்டும் சுடரில் காட்ட வேண்டும். சுடர் பச்சையாக எரிந்தால் குளோரின் போன்ற உப்பீனி இருக்கக்கூடும். அப்பொருளைத் தவிர்க்க வேண்டும்.

பாதுகாப்புக் கண்ணாடி அலைநீளத்துக்கு ஏற்றதாக இருத்தல் இன்றியமையாதது. 10,600 நானோமீட்டர் ஒளி கண்ணின் முன்படலத்தைச் சுடும். தெளிந்த பாலிகார்பனேட்டு அதனைத் தடுக்கும். 450 நானோமீட்டர் நீல ஒளி விழித்திரை வரை சென்று நிலையான பார்வைக் குறையை ஏற்படுத்தும். தெளிந்த பாலிகார்பனேட்டு அதனைச் சிறிதும் தடுக்காது. மூடியில்லாத டயோடு எந்திரத்தை அதற்குரிய கண்ணாடியின்றி நோக்கக் கூடாது. அறையில் உள்ள பிறருக்கும் இது பொருந்தும்.

அக்ரிலிக்கும் மரமும் எளிதில் தீப்பற்றும். எந்திரம் ஓடும்போது அதனை விட்டு அகலாதிருத்தலும், தீயணைப்பானை எட்டும் தொலைவில் வைத்திருத்தலும், புகையைக் குழாய் வழியே வெளியேற்றுதலும் ஒவ்வொரு முறையும் கடைப்பிடிக்க வேண்டிய ஒழுங்குகள் ஆகும். நீர்க் குளிர்விப்பு உள்ள எந்திரங்களில் நீரோட்டம் நின்றால் குழாய் வெடித்துப் பழுதாகும் என்பதால், வேலை தொடங்குமுன் நீரோட்டத்தையும் சரிபார்க்க வேண்டும்.